எங்கிருந்து திரும்பி வருகிறது? கூட்டு மருந்து எடுக்கும் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்



எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போய்வரும் உங்களில் பலர் கேட்கும் கேள்வி இது. வைரல் லோடு பரிசோதனையில் வைரஸ் தென்படவில்லை என்று சீட்டு வருகிறது. சிடி4 அறுநூறைத் தாண்டியிருக்கிறது. உடம்பில் ஒரு குறையும் இல்லை. பிறகு எதற்காக ஆயுள் முழுக்க மாத்திரை? "நிறுத்தினால் திரும்ப வந்துவிடும்" என்பார் ஆலோசகர். எங்கிருந்து வரும் என்று நீங்கள் கேட்டால், பின்னால் நீண்ட வரிசை நிற்கும்போது உட்கார்ந்து பதில் சொல்ல அவருக்கு நேரம் இருப்பதில்லை.

அந்தப் பதிலை முழுதாகச் சொல்லத்தான் இந்த மடல். எச்.ஐ.வி.யை உடலைவிட்டே அகற்ற உலகில் நடக்கும் ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த 'எங்கிருந்து' என்ற கேள்வியைத்தான் சுற்றி வருகிறது. அதன் விவரம் உங்களுக்குச் சேர வேண்டியது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பதே 1986-இல் சென்னையில்தான் தெரியவந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழில் செய்த பெண்களிடம் ரத்தம் எடுத்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். அன்று முதல் இன்று வரை இந்த வைரஸைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம் யாரோ கையை நீட்டிக் கொடுத்த ரத்தத்திலிருந்து வந்ததுதான். ரத்தம் கொடுத்த சமூகத்துக்கு அறிவும் வந்து சேர வேண்டும். வெற்றிச் செய்தி மட்டும் வந்தால் போதாது. தோல்விகளும் காரணங்களும் சேர்ந்து வர வேண்டும்.

முதலில் மாத்திரை என்ன செய்கிறது என்று பார்ப்போம். வைரஸ், நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த சிடி4 செல்லுக்குள் நுழைந்ததும் தன் மரபுச் செய்தியை டி.என்.ஏ.வாக மாற்றி, அதை நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடுகிறது. ஏறக்குறைய 9,700 எழுத்துகள் கொண்ட சின்னஞ்சிறு செய்தி, நம்முடைய 300 கோடி எழுத்துகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் இரவில் விழுங்கும் ஒற்றை மாத்திரையில் மூன்று மருந்துகள் இருக்கின்றன. டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டும் வைரஸ் டி.என்.ஏ.வாக மாறுவதைத் தடுக்கின்றன. டோலுடெக்ராவிர் அந்த டி.என்.ஏ. நம் டி.என்.ஏ.வுக்குள் நுழைவதைத் தடுக்கிறது. மூன்றும் சேர்ந்து புதிய செல் எதையும் வைரஸ் பிடிக்க முடியாமல் செய்துவிடுகின்றன. ரத்தத்தில் வைரஸ் காணாமல் போவது இதனால்தான். வைரல் லோடு அந்த நிலையில் நீடிக்கும்வரை உங்களிடமிருந்து உங்கள் துணைக்கு உடலுறவு மூலம் தொற்று போகாது என்பதும் இதனால்தான்.

ஆனால் மருந்து தொடங்கும் முன்பே செருகப்பட்டுவிட்ட வைரஸை இந்த மூன்றாலும் ஒன்றும் செய்ய முடியாது. அப்படிப் பாதிக்கப்பட்ட செல்களில் பெரும்பாலானவை வைரஸை உற்பத்தி செய்து சில நாட்களில் செத்துப்போகின்றன. சில மட்டும் சாகாமல் ஓய்வு நிலைக்குப் போய்விடுகின்றன. இவை நினைவுச் செல்கள். சின்ன வயதில் வந்த அம்மையைக்கூட ஆயுள் முழுக்க நினைவில் வைத்திருப்பதற்காகவே உடல் வளர்த்து வைத்திருப்பவை. அவை உறங்கும்போது அவற்றுக்குள் இருக்கும் வைரஸும் உறங்குகிறது. செய்தி வாசிக்கப்படுவதில்லை, வைரஸ் புரதம் எதுவும் உருவாவதில்லை. எனவே நோய் எதிர்ப்புப் படைக்கு அந்தச் செல்லும் பக்கத்தில் இருக்கும் நல்ல செல்லும் ஒன்றுபோலத் தெரியும். என்றோ ஒரு நாள், வேறு ஏதோ ஒரு கிருமிக்கு எதிராக அந்தச் செல் விழித்தெழும்போது வைரஸும் கூடவே எழுகிறது. மாத்திரை இருந்தால் எழுந்த வைரஸ் அங்கேயே முடிந்துபோகும். மாத்திரை இல்லாவிட்டால் இரண்டு, மூன்று வாரத்தில் ரத்தம் முழுக்கப் பரவிவிடும். திரும்பி வருவது அங்கிருந்துதான்.

இது தெரியாத காலம் ஒன்று இருந்தது. 1996-இல் கனடாவின் வான்கூவர் மாநாட்டில் மூன்று மருந்துக் கூட்டுச் சிகிச்சையின் முடிவுகள் வந்தபோது உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. சாவுப் படுக்கையில் இருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். வைரஸ் குறையும் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டவர்கள், இடைவிடாமல் இரண்டரை, மூன்று ஆண்டுகள் மருந்து எடுத்தால் வைரஸ் முழுக்க அழிந்துவிடக்கூடும் என்று 1997-இல் எழுதினார்கள். அதே ஆண்டு நவம்பரில் அந்த நம்பிக்கை உடைந்தது. பால்டிமோரில் ராபர்ட் சிலிசியானோவின் குழு, சான் டியாகோவில் டக்ளஸ் ரிச்மனின் குழு, அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் அந்தோனி ஃபௌச்சியின் குழு ஆகிய மூன்றும் தனித்தனியாக ஒரே உண்மையைக் கண்டன. மருந்து நன்றாக வேலை செய்யும் ஒருவரின் ஓய்வுச் செல்களை எடுத்து ஆய்வகத்தில் உசுப்பிவிட்டால், உயிருள்ள வைரஸ் வெளியே வருகிறது. பத்து லட்சம் ஓய்வுச் செல்களில் ஒன்று என்ற அளவுதான். அந்த இருப்பு பாதியாகக் குறையவே சுமார் 44 மாதங்கள் ஆகும் என்று சிலிசியானோ குழு பின்னர் அளந்து சொன்னது. மருந்தை மட்டும் நம்பி அது முழுக்கத் தீரக் காத்திருந்தால் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். உங்கள் ஆலோசகர் 'ஆயுள் முழுக்க' என்று சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

தானாகத் தீராது என்றால் தீர்த்துக்கட்ட வழி உண்டா? கோரையும் களையும் மண்டிய வயலில் நடவுக்கு முன் நம் உழவர்கள் செய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் பாய்ச்சி, களை முளைக்கட்டும் என்று சில நாள் விட்டுவைப்பார்கள். மண்ணுக்குள் கிடந்ததெல்லாம் தலைகாட்டியதும் மடக்கி உழுதுவிடுவார்கள். மண்ணில் கிடக்கும் விதையை ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்க முடியாது, முளைக்கவைத்தால் அழிக்கலாம். உறங்கும் எச்.ஐ.வி.யை எழுப்பி அழிக்கும் வழியின் அடிப்படையும் இதுதான். ஆராய்ச்சியாளர்கள் இதை 'ஷாக் அண்ட் கில்' என்பார்கள். ஒரு மருந்தால் ஓய்வுச் செல்லுக்குள் இருக்கும் வைரஸை வேண்டுமென்றே எழுப்ப வேண்டும். எழுந்த வைரஸ் புதிய செல்லைப் பிடிக்காதபடி வழக்கமான மாத்திரை தொடர்ந்து காவல் இருக்கும். வைரஸ் புரதம் வெளியே தெரிந்துவிட்ட அந்தச் செல்லை நோய் எதிர்ப்புப் படை அடையாளம் கண்டு கொல்லும், அல்லது அது தானாகவே சாகும். அப்படி ஒவ்வொரு செல்லாகத் தீர்த்துவிட்டால் ஒரு நாள் மாத்திரையையும் நிறுத்திவிடலாம்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. செய்தபோது என்ன ஆயிற்று என்பதையும் நீங்கள் அறிய வேண்டும்.

தொடக்கத்தில் செல்களை மொத்தமாக உசுப்பிப் பார்த்தார்கள். 1999-இல் ஆம்ஸ்டர்டாமில் மூன்று பேருக்கு, சிடி4 செல்கள் உள்ளிட்ட டி செல்கள் அத்தனையையும் தூண்டிவிடும் மருந்துகளைக் கொடுத்தார்கள். வலிப்பு, சிறுநீரகக் கோளாறு வரை போனது. வைரஸின் இருப்பு குறையவில்லை. உடல் முழுவதும் உள்ள படையை ஒரே நேரத்தில் கிளப்பிவிட்டால் உடலே தாங்காது என்ற பாடம், மூன்று மனிதர்கள் பட்ட துன்பத்தில் கிடைத்தது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இது ஒரு வரியாகக் கடந்துபோகும். நாம் அப்படிக் கடந்துபோகக் கூடாது.

பிறகு செல்லை எழுப்பாமல் வைரஸை மட்டும் எழுப்ப வழி தேடினார்கள். நம் டி.என்.ஏ. ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றி இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. கட்டு இறுகிய இடத்தில் உள்ள செய்தி வாசிக்கப்படாது. எச்.டி.ஏ.சி. என்னும் நொதிகள் இந்த இறுக்கத்தைக் காக்கின்றன. அவற்றை முடக்கினால் கட்டு தளரும். வலிப்புக்குக் கொடுக்கும் வால்புரோயிக் அமிலத்துக்கு இந்தக் குணம் லேசாக உண்டு. 2005-இல் டேவிட் மார்கோலிஸ் குழு நான்கு பேருக்கு அதைக் கொடுத்தது. மூன்று பேரிடம் வைரஸின் இருப்பு குறைந்தது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. அடுத்தடுத்த ஆய்வுகளில் அது நிலைக்கவில்லை. மார்கோலிஸ் விடவில்லை. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் அவரும் நான்சி ஆர்ச்சினும், ஒருவகைத் தோல் நிணநீர்ப் புற்றுநோய்க்குத் தரப்படும் வோரினோஸ்டாட்டை எடுத்துக்கொண்டார்கள். எட்டுப் பேருக்கு ஒரே ஒரு வேளை. ஓய்வுச் செல்களுக்குள், வைரஸின் செய்தி வாசிக்கப்படுவதற்கு அடையாளமான ஆர்.என்.ஏ. சராசரியாக 4.8 மடங்கு உயர்ந்தது. 2012-இல் வெளியான இந்த ஆய்வுதான், மனித உடலுக்குள் உறங்கும் வைரஸை மருந்தால் எழுப்ப முடியும் என்பதைத் தெளிவாகக் காட்டியது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரக் குழு 2015-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. ரோமிடெப்சின் என்ற மருந்தை ஆறு பேருக்குக் கொடுத்தபோது ஐந்து பேரின் ரத்தத்தில், உங்கள் மையத்தில் செய்வது போன்ற சாதாரண வைரல் லோடு பரிசோதனையிலேயே, வைரஸ் தென்பட்டது. மெல்போர்னில் ஷரோன் லெவின் குழு, குடியை மறக்கவைக்கக் கொடுக்கும் டைசல்ஃபிராமைக்கூட முயன்று பார்த்தது.

ஆக, எழுப்ப முடிகிறது. ஆனால் இந்த மருந்துகள் எதனாலும் வைரஸின் இருப்பு குறைந்ததாக உறுதியாகவில்லை. எழுந்த செல்கள் சாகவில்லை.

இந்தப் பாதையில் மிகவும் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் எண்ணம். இங்கே கிடைத்த பாடங்களுக்காகவே இந்தத் தோல்விகளை நான் மதிக்கிறேன். ஆண்டுக்கணக்கில் மாத்திரை எடுத்தவரின் உடலில் எச்.ஐ.வி.க்கு எதிரான கொல்லும் செல்கள் எதிரியைப் பார்க்காமலே ஓய்ந்துபோயிருக்கின்றன. அவற்றை முன்கூட்டியே தட்டியெழுப்பாவிட்டால், வைரஸ் கண்முன் வந்து நின்றாலும் அவை அசையாது என்று 2012-இல் சிலிசியானோவின் ஆய்வகம் காட்டியது. மூன்று ஆண்டுகள் கழித்து அதே ஆய்வகம் இன்னொன்றைக் கண்டது. தாமதமாக மருந்து தொடங்கியவர்களின் உறங்கும் வைரஸ்களில் பெரும்பாலானவை, அந்தக் கொல்லும் செல்களின் கண்ணில் படாதபடி ஏற்கெனவே உருமாறியவை. இதே இடத்தில் 2013-இல் யா-சி ஹோ செய்த வேலையும் முக்கியமானது. முழு வேகத்தில் உசுப்பியும் எழாத 213 வைரஸ் பிரதிகளை எடுத்து அவர் எழுத்து எழுத்தாக வாசித்தார். பெரும்பாலானவை உடைந்துபோன பிரதிகள். ஆனால் நூற்றுக்குப் பன்னிரண்டு அளவுக்கு முழுமையாக, எழுந்தால் பரவக்கூடிய நிலையில் இருந்தன. இந்த முறை எழாதது அடுத்த முறை எழக்கூடும். அப்படிக் கணக்குப் போட்டால் இருப்பு அதுவரை நினைத்ததைப் போல 60 மடங்கு வரை பெரிதாக இருக்கலாம். போதாததற்கு, வைரஸைச் சுமக்கும் செல்லே இரண்டாக, நான்காகப் பெருகி வைரஸையும் நகல் எடுத்துக்கொண்டே போகிறது என்பதும் 2014-க்குள் உறுதியாயிற்று.

எழுப்பும் மருந்தோடு கொல்லும் செல்களைப் பழக்கும் தடுப்பூசியையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? பிரிட்டனில் 'ரிவர்' என்ற ஆய்வு இதைத்தான் செய்தது. தொற்று ஏற்பட்ட சில காலத்திலேயே கண்டுபிடிக்கப்பட்ட 60 ஆண்கள். பாதிப் பேருக்கு மாத்திரை மட்டும். மீதிப் பேருக்கு மாத்திரையோடு தடுப்பூசியும் வோரினோஸ்டாட்டும். இரு தரப்புக்கும் வேறுபாடே இல்லை என்று 2020-இல் முடிவு வெளியானது. அந்த அறுபது பேரும் தமக்கு நேரடிப் பலன் இருக்குமா என்று தெரியாமலே உடலைக் கொடுத்தவர்கள்.

நம் தோழர்களுக்குப் பணமும் உயிரும் போகும் இடம் ஒன்று இருக்கிறது. அதை இங்கே சொல்லாமல் விட முடியாது. சில மாதத்தில் எச்.ஐ.வி.யை வேரோடு அறுப்போம் என்று விளம்பரம் செய்பவர்களை நீங்கள் அறிவீர்கள். அவர்கள் காட்டும் ஆதாரம் எப்போதும் ஒரு பரிசோதனைச் சீட்டுதான்: 'வைரஸ் தென்படவில்லை'. அந்த நிலையை உண்டாக்கியது உங்கள் மாத்திரை. மாத்திரையை நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்குச் சீட்டு சுத்தமாகவே வரும், ஏனென்றால் உறங்குவது ரத்தப் பரிசோதனையில் தெரியாது. எவ்வளவு காலம் ஏமாற்றக்கூடியது அந்த உறக்கம் என்பதற்கு மருத்துவ உலகமே ஏமாந்த இரண்டு நிகழ்வுகள் உண்டு. பாஸ்டனில் புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்ட இருவரிடம் எவ்வளவு தேடியும் வைரஸ் கிடைக்கவில்லை. 2013-இல் மருந்தை நிறுத்தினார்கள். ஒருவருக்கு 12 வாரத்தில், இன்னொருவருக்கு 32 வாரத்தில் திரும்பி வந்தது. அமெரிக்காவின் மிசிசிப்பியில், பிறந்து 30 மணி நேரத்தில் மருந்து தொடங்கப்பட்ட ஒரு குழந்தை, மருந்து இல்லாமலே 27 மாதங்கள் வைரஸ் தென்படாமல் இருந்தது. குணமாகிவிட்டது என்று உலகச் செய்தித்தாள்கள் எழுதின. 2014-இல் வைரஸ் திரும்பியது. மிகச் சிறந்த ஆய்வகங்கள் சல்லடை போட்டுத் தேடியும் கண்ணில் படாததை, ஒற்றைச் சீட்டை நீட்டி 'போய்விட்டது' என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள்.

மாத்திரையை இடையிடையே நிறுத்தி உடலுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்ற எண்ணமும் சோதித்துப் பார்க்கப்பட்டதுதான். 'ஸ்மார்ட்' என்ற ஆய்வில் 33 நாடுகளில் 5,472 பேர் கலந்துகொண்டார்கள். நிறுத்தி நிறுத்தி எடுத்தவர்களிடம் நோயோ மரணமோ நேர்வது இரண்டு மடங்குக்கும் மேல் கூடியதால் 2006-இல் அதைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. எச்.ஐ.வி. மட்டுமல்ல, இதயம், சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் பாதிக்கப்பட்டன.

அப்படியானால் யாருமே குணமாகவில்லையா? குணமானவர்கள் இருக்கிறார்கள், விரல்விட்டு எண்ணிவிடலாம். பெர்லினில் சிகிச்சை பெற்ற டிமோதி ரே பிரௌன் முதலாமவர். லண்டனின் ஆடம் காஸ்டியேஹோ அடுத்தவர். இருவருக்கும் புற்றுநோய்க்காக மஜ்ஜை மாற்று நடந்தது. வைரஸ் நுழையப் பயன்படுத்தும் சிசிஆர்5 என்ற கதவு இயல்பிலேயே இல்லாத கொடையாளர்களின் மஜ்ஜை அது. அந்த மரபு மாற்றம் வட ஐரோப்பியர்களிடம்தான் ஓரளவு காணப்படுகிறது; நம்மிடையே மிக அரிது. மஜ்ஜை மாற்று உயிருக்கே ஆபத்தானது. புற்றுநோய் இல்லாத ஒருவருக்கு அதைச் செய்ய எந்த மருத்துவரும் முன்வர மாட்டார். அவர்களின் கதை நமக்குக் காட்டுவது ஒன்றே: வைரஸை உடலிலிருந்து நீக்குவது இயற்கைக்கு எதிரான கனவு அன்று. கோடிக்கணக்கானோருக்குப் பொருந்தும் வழியைத்தான் தேட வேண்டியிருக்கிறது. எழுப்பி அழிக்கும் பாதையை நான் விடாமல் கவனிப்பது இதற்காகவே.

அண்மைச் செய்தி ஒன்று எனக்கு மகிழ்ச்சி தந்தது. இதுவரை பயன்படுத்திய மருந்துகள் மனித மரபணுக்களையும் சேர்த்துத் தளர்த்துபவை. பெரும்பாலும் புற்றுநோய் மருந்துகள். வைரஸை எழுப்ப வைரஸின் சொந்தப் புரதமே சிறந்தது. டாட் என்ற அந்தப் புரதம்தான் வைரஸின் செய்தி வாசிக்கப்படும் வேகத்தைப் பன்மடங்கு கூட்டுவது. அதை ஓய்வுச் செல்லுக்குள் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பதே சிக்கலாக இருந்தது. கொரோனாக் காலத்தில் ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளில் எம்.ஆர்.என்.ஏ.வைச் சுமந்த கொழுப்புத் துகள்களை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த வகைத் துகள்களை ஓய்வு டி செல்கள் உள்ளே விடுவதில்லை. மெல்போர்னில் பவுலா செவால் குழு துகளின் கலவையை மாற்றியமைத்து, டாட் புரதத்துக்கான எம்.ஆர்.என்.ஏ.வை ஓய்வுச் செல்லுக்குள் செலுத்திவிட்டது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் கொடுத்த செல்களில் வைரஸ் எழுந்தது. 2025-இல் வெளியான இந்த ஆய்வு ஆய்வகத் தட்டில் நடந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். உடலுக்குள் நிணநீர்க் கணுக்களிலும் குடலிலும் உள்ள செல்களை அது எட்டுமா, எழுந்தவை சாகுமா என்பவை இனித்தான் பார்க்கப்பட வேண்டியவை. மூளையில் உள்ள செல்களிலும் வைரஸ் ஒளிந்திருக்கிறது. அங்கே போய் அதை எழுப்பினால் என்ன கேடு வரும் என்ற கவலையும் ஆராய்ச்சியாளர்களுக்கு உண்டு.

இனி எனக்குள்ள மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்தவை. பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். அங்கே பரவியிருப்பது பெரும்பாலும் 'பி' வகை வைரஸ். இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் உள்ளது 'சி' வகை. வைரஸின் செய்தி வாசிக்கப்படத் தொடங்கும் இடத்தில் என்.எஃப். கப்பா பி என்ற நம் செல் புரதம் வந்து அமரும் இருக்கைகள் இருக்கின்றன. பி வகையில் அவை பொதுவாக இரண்டு. சி வகையில் மூன்று. நான்கு இருக்கைகள் கொண்ட சி வகை வைரஸ்கள் இந்தியாவில் பரவிவருவதை பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் உதயகுமார் ரங்காவின் ஆய்வகம் 2012-இல் கண்டு சொன்னது. வைரஸ் உறங்குவதும் எழுவதும் முடிவாவது அந்த இடத்தில்தான். பி வகைக்குத் தீட்டிய மருந்து நம் வைரஸை அதே போல எழுப்பும் என்று எப்படிக் கருதிக்கொள்வது? பெண்களைப் பற்றிய செய்தி இன்னும் கூர்மையானது. ஈஸ்ட்ரோஜன் உறங்கும் வைரஸ் எழுவதைத் தடுக்கிறது என்று 2018-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அதாவது, ஆண்களிடம் வேலை செய்யும் எழுப்பும் மருந்து ஒரு பெண்ணின் உடலில் போதாமல் போகலாம். உங்களில் எத்தனை பேர் பெண்கள், எத்தனை பேர் விதவைகள் என்பதை எண்ணிப் பார்க்கும்போது, ஆண்கள் மட்டுமே இருந்த 'ரிவர்' போன்ற ஆய்வுகளை உலகம் முழுமைக்குமான பதிலாக ஏற்க என்னால் முடியவில்லை.

இந்தக் குறையை நீக்கும் வேலை தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தொடங்கியிருக்கிறது. அங்கே தும்பி ண்டுங்குவின் குழு, தொற்று ஏற்பட்ட உடனே கண்டுபிடித்துச் சிகிச்சை தொடங்கிய 20 இளம்பெண்களோடு ஓர் ஆய்வு நடத்தியது. நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டி, உறங்கும் வைரஸையும் எழுப்பக்கூடும் என்று கருதப்படும் வெசடோலிமோடை, வைரஸின் பலவகைகளையும் பிடிக்கும் இரண்டு எதிர்ப்புரதங்களோடு சேர்த்துக் கொடுத்தார்கள். பிறகு நெருங்கிய கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்தினார்கள். ஆறு பேர், ஆய்வின் கடைசிக் கட்டம் வரை மாத்திரையைத் திரும்பத் தொடங்க வேண்டிய தேவை இல்லாமல் இருந்தார்கள். மற்றவர்கள் மீண்டும் மாத்திரைக்குத் திரும்பினார்கள். 2025-இல் வந்த இந்த முடிவைக் குணம் என்று சொல்ல மாட்டேன், அவர்களும் சொல்லவில்லை. சி வகை வைரஸ், ஆப்பிரிக்கப் பெண்கள், ஆப்பிரிக்க ஆய்வாளர் என்று ஓர் ஆய்வு நடக்க முடியும் என்பதற்கு அது சான்று. அது டர்பனில் முடியும் என்றால் சென்னையிலும் மதுரையிலும் நாமக்கல்லிலும் ஏன் முடியாது? தாம்பரம் சானடோரியத்தில் 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியது முதல் தொடர்ந்து மருந்து எடுத்துவரும் மூத்த தோழர்கள் இருக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அடக்கி வைக்கப்பட்ட சி வகை வைரஸின் இருப்பு எப்படி மாறியிருக்கிறது என்பதை அவர்களைப் போன்றவர்களின் ரத்தம்தான் சொல்ல முடியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திடமும் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்திடமும் நம் பாசிட்டிவ் கூட்டமைப்புகள் இதைக் கோரிக்கையாகவே வைக்க வேண்டும்: எங்கள் வைரஸையும் எங்கள் பெண்களையும் விட்டுவிட்டு மருந்து தேடாதீர்கள் என்று.

அப்படி ஒரு நாள் உங்கள் மையத்துக்கு ஆய்வு ஒன்று வந்தால், கையெழுத்திடும் முன் சிலவற்றைக் கேளுங்கள். ஆய்வு சி.டி.ஆர்.ஐ. என்னும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா, அதன் எண் என்ன? மாத்திரையை நிறுத்தச் சொல்வார்களா? நிறுத்தினால் எத்தனை நாளுக்கு ஒரு முறை வைரல் லோடு பார்ப்பார்கள், எந்த அளவைத் தொட்டதும் மீண்டும் தொடங்குவார்கள்? நிறுத்தியிருக்கும் காலத்தில் உங்கள் துணைக்குத் தொற்று போகாமல் காக்க என்ன ஏற்பாடு? எழுப்பும் மருந்து புற்றுநோய் மருந்து என்றால் அதன் பக்கவிளைவுகள் என்ன? ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தர 2019-இன் மருத்துவ ஆய்வு விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. முழு விவரம் அறிந்து நீங்கள் சம்மதிக்காமல் உங்களை எந்த ஆராய்ச்சிக்கும் உட்படுத்தக் கூடாது என்று 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டமும் சொல்கிறது. எச்.ஐ.வி. மருந்து ஆய்வுகளில் சம்மதத்தை ஒலிப்பதிவு செய்தால் போதும் என்பது விதி; உங்கள் முகத்தைப் படம்பிடிக்கக் கேட்டால் மறுக்கலாம். ஆய்வு முடிந்ததும் முடிவை, அது தோல்வியாக இருந்தாலும், உங்களிடம் வந்து சொல்வார்களா என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள், தமிழில் வாங்குங்கள்.

அன்புடன்,
அறிவியல் எழுதும் உங்கள் தோழி